லீசியக் கடற்கரை, தென்மேற்குத் துருக்கி: அம்மாவோடு எட்டு நாள். எதைப் பார்க்க, எதை விட?

கரிசல்காடு | செப்டம்பர் 2

வணக்கம் மக்களே. அக்டோபர் முதல் வாரம் எட்டு நாள் கிடைத்திருக்கிறது. ஜெர்மனியில் இருக்கிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகன், கோவில்பட்டியிலிருந்து வந்திருக்கும் அம்மா. அம்மாவுக்கு 66 வயது, இடது முழங்காலில் வலி, சுத்த சைவம். அந்தாலியாவில் இறங்கி, தலமான் விமான நிலையத்தில் ஏறித் திரும்புகிறோம். வாடகைக் கார்.

போட்டு வைத்திருக்கும் திட்டம்: முதல் நாள் அந்தாலியா பழைய நகரம். இரண்டாம் நாள் பெர்கே, அஸ்பெந்தோஸ், சீதே. மூன்றாம் நாள் ஃபாசெலிஸ், ஒலிம்போஸ், இரவு யானர்தாஷ் நெருப்பு. நான்காம் நாள் மீரா, நிக்கலஸ் தேவாலயம், கெகோவா படகு. ஐந்தாம் நாள் காஷ், காபுதாஷ் கடற்கரை, பத்தாரா. ஆறாம் நாள் சாந்தோஸ், லெதூன், த்லோஸ், சக்லிகென்ட் பள்ளத்தாக்கு. ஏழாம் நாள் ஃபெத்தியே, காயாகோய், ஓலுடெனிஸ். எட்டாம் நாள் விமானம்.

முடியுமா? ஏதாவது விட்டுப் போயிருக்கிறதா?

டீக்கடைபெஞ்ச் | செப்டம்பர் 2

இது சுற்றுலாவா, தேர்தல் பிரசாரமா? ஒவ்வொரு ஊரிலும் வேனிலிருந்து இறங்காமலே கையாட்டிவிட்டுப் போவதாக இருந்தால் முடியும்.

உப்புக்காற்று | செப்டம்பர் 2

தம்பி, விட்டுப் போனது ஒன்றும் இல்லை. விட வேண்டியதுதான் நிறைய இருக்கிறது. அந்தாலியாவில் இரண்டு வருடம் குடியிருந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலில் இரண்டாம் நாளை அப்படியே அடித்துவிடுங்கள். பெர்கே, அஸ்பெந்தோஸ், சீதே மூன்றும் அந்தாலியாவுக்குக் கிழக்கே. அது லீசியாவே இல்லை, அதற்குப் பக்கத்துப் பழைய நாடான பாம்பிலியா. உங்கள் பாதையோ மேற்கே போகிறது. அஸ்பெந்தோஸ் அரங்கம் அற்புதம்தான், இரண்டாம் நூற்றாண்டில் கட்டியது இன்றும் அப்படியே நிற்கிறது. ஆனால் அதற்காக ஒரு நாளைக் கிழக்கே ஓட்டி, மறுநாள் அதே நெரிசலில் ஊரைக் கடந்து மேற்கே வருவது அம்மாவின் முழங்காலுக்கு நல்லதல்ல.

அடுத்தது சாலை. அந்தாலியாவிலிருந்து காஷ் கடற்கரைச் சாலையில் 190 கிலோமீட்டர். வரைபடத்தில் சின்னக் கோடாகத் தெரியும். டாரஸ் மலை நேராகக் கடலில் இறங்கும் ஊர் அது, சாலை முழுக்க வளைவு. கொடைக்கானல் ஏறும்போது உங்கள் வீட்டில் யாருக்குக் குமட்டுமோ அவருக்கு இங்கேயும் குமட்டும். மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மாதுளைச் சாறு குடிக்க நிறுத்துவீர்கள், கட்டாயம் நிறுத்துவீர்கள், அதற்கும் சேர்த்து.

என் கணக்கு: அந்தாலியா ஓர் இரவு, ஒலிம்போஸ் பக்கத்தில் சிராலி ஓர் இரவு, காஷ் மூன்று இரவு, ஃபெத்தியே இரண்டு இரவு. தினமும் பெட்டி கட்டாதீர்கள். காஷில் உட்கார்ந்துகொண்டு பக்கத்து இடங்களுக்குப் போய் வாருங்கள்.

கரிசல்காடு | செப்டம்பர் 2

அக்கா, அஸ்பெந்தோஸை விடுவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. சரி, அடித்தாயிற்று.

முட்டுக்கட்டை | செப்டம்பர் 3

யாரும் உண்மையைச் சொல்ல மாட்டீர்கள் போல. நான் இந்தப் பாதையில் ஆறு நாள் போனேன். முதல் நாள் உடைந்த தூண். இரண்டாம் நாள் உடைந்த தூண், பக்கத்தில் ஒரு ஆடு. மூன்றாம் நாள் பாறையில் ஓட்டை. அது கல்லறையாம். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அரை வட்டப் படிக்கட்டு. நுழைவுக் கட்டணம் பெரிய இடங்களில் யூரோவில் வாங்குகிறார்கள். ஒன்பது வயதுப் பையன் என்ன பாவம் செய்தான்? பேசாமல் நீச்சல் குளம் உள்ள விடுதியில் ஒரு வாரம் படுத்திருங்கள்.

பழங்கல் | செப்டம்பர் 3

முட்டுக்கட்டை ஐயா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. என்ன பார்க்கிறோம் என்று தெரியாமல் போனால் கல் கல்லாகத்தான் இருக்கும். அரைமணி நேரம் செலவழித்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

இந்தக் கரையில் பழங்காலத்தில் வாழ்ந்த லீசியர்கள் கிரேக்கர்கள் அல்லர். அவர்கள் மொழி, துருக்கியில் அதற்கு முன் பேரரசு நடத்திய ஹித்தைட்டுகளின் மொழி இருக்கிறதே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. எழுத்து மட்டும் கிரேக்க எழுத்தை ஒட்டியது. பாரசீகர், அலெக்சாந்தர், எகிப்தின் தாலமிகள், ரோமர் என்று எல்லோருக்கும் கீழே இருந்தார்கள். ஆனாலும் கல்லறை கட்டும் முறையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தப் 'பாறையில் ஓட்டை'யை அருகில் போய்ப் பாருங்கள். முகப்பில் வரிசையாக உருண்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும் கற்கள் உத்திரக் கட்டைகளின் நுனி. நிலைக்கதவு, சட்டம், சட்டத்தின் மூட்டு எல்லாம் மரத்தச்சன் செய்வதுபோலவே கல்லில் செதுக்கியிருப்பார்கள். அவர்கள் குடியிருந்த மர வீடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்த வீடு எப்படி இருந்தது என்பது கல்லறையைப் பார்த்துத்தான் நமக்குத் தெரிகிறது. மாமல்லபுரத்தில் திரௌபதி ரதத்தின் முன் நின்று, ஓலைக் குடிசையைக் கல்லில் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

அப்புறம் தெருவில் நிற்கும் கல் பெட்டிகள். மேலே கவிழ்த்த படகு மாதிரி மூடி. பலவற்றில் கிரேக்க எழுத்தில் சாசனம் இருக்கும். உள்ளடக்கம் பெரும்பாலும் ஒன்றுதான்: இது இன்னார் தனக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் செய்தது, வேறு யாரையாவது இதில் புதைத்தால் ஊருக்கோ கோயிலுக்கோ இவ்வளவு அபராதம், காட்டிக்கொடுப்பவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. நம் கல்வெட்டுகளில் 'கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்' என்று முடிப்பார்கள். இவர்கள் பாவத்தைவிட ரொக்கத்தை நம்பியிருக்கிறார்கள்.

டீக்கடைபெஞ்ச் | செப்டம்பர் 3

மூன்றில் ஒரு பங்கா? அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் கல்லறை வாசலிலேயே பாய் போட்டுப் படுத்திருப்பார்.

முட்டுக்கட்டை | செப்டம்பர் 3

பழங்கல் சார், இதை ஆறு வருடத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் என் பணம் செரித்திருக்கும். ஆனால் வெயில் வெயில்தான். நான் போனது ஜூலை.

உப்புக்காற்று | செப்டம்பர் 3

ஜூலையா! கல் மேல் தோசை ஊற்றலாம். உங்கள் கோபத்துக்குக் காரணம் லீசியர்கள் இல்லை. அக்டோபரில் கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், கூட்டம் பாதியாகிவிடும், மாலை ஆறரைக்கெல்லாம் சால்வை தேடும் காற்று. மாதக் கடைசியில்தான் மழை எட்டிப் பார்க்கும்.

பனைமரத்தடி | செப்டம்பர் 4

தூத்துக்குடியிலிருந்து. கரிசல்காடு, டெம்ரேயை, அதாவது உங்கள் திட்டத்தில் இருக்கும் மீராவை, விட்டுவிடாதீர்கள். பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிற லீசியா நாட்டு மீறாப் பட்டணம் அதுதான். கைதியாக ரோமுக்குப் போகும் பவுல் அங்கேதான் இத்தாலிக்குப் போகும் அலெக்சாந்திரியாக் கப்பலில் ஏற்றப்படுகிறார். அதற்கு முந்திய ஒரு பயணத்தில் பத்தாராவில் கப்பல் மாறினார். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் வரைபடத்தில் விரலால் கோடு இழுத்த ஊரில் நேரில் போய் நிற்கும்போது ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அங்கே நிக்கலஸ் ஆயராக இருந்தவர். பிறந்தது பத்தாரா. கிறிஸ்துமஸ் தாத்தா என்று உலகம் கொண்டாடும் ஆள் பனிமலைக்காரர் அல்ல, ஆரஞ்சுத் தோப்பு ஊர்க்காரர். அவருடைய எலும்புகளை 1087-இல் இத்தாலிய மாலுமிகள் பாரி நகரத்துக்கு எடுத்துப்போய்விட்டார்கள். இப்போது டெம்ரே தேவாலயத்தில் இருப்பது உடைந்த கல் பேழையும், மங்கிய சுவரோவியங்களும், கண்ணீர் விடும் ரஷ்யப் பாட்டிகளும். தரை தெரு மட்டத்திலிருந்து பல அடி கீழே, ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணில் ஊரே மேலேறிவிட்டது.

ஒரு எச்சரிக்கை: அழகான ஊரை எதிர்பார்க்காதீர்கள். மலையிலிருந்து இறங்கும்போது டெம்ரே சமவெளி முழுக்கப் பளபளவென்று தெரியும், கடல் என்று நினைப்பீர்கள். தக்காளி வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள்.

பழங்கல் | செப்டம்பர் 4

அதே டெம்ரேயில் ஆந்திரியாகே என்ற பழைய துறைமுகத்தைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ரோமப் பேரரசன் ஹத்ரியன் காலத்துத் தானியக் களஞ்சியம் அங்கே இருக்கிறது, அதையே லீசிய நாகரிக அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். பவுல் ஏறிய அலெக்சாந்திரியாக் கப்பல் எகிப்தின் கோதுமையை ரோமுக்குச் சுமந்த வரிசையைச் சேர்ந்தது. களஞ்சியம் பவுலுக்குப் பிந்தியதுதான், ஆனால் அந்தத் துறைமுகத்துக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்பது அதைப் பார்த்தால் விளங்கும். துறைமுகம் இப்போது சேற்று நிலம். வாத்து நீந்துகிறது.

மீராவின் பாறைக் கல்லறைகள் கி.மு. நான்காம் நூற்றாண்டை ஒட்டியவை. செங்குத்துப் பாறையில் தேன்கூடு மாதிரி அடுக்கடுக்காக. கீழே நின்றே பார்க்கலாம், அம்மா ஏற வேண்டியதில்லை. காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள், அப்புறம் அந்தாலியா விடுதிகளின் பேருந்துகள் வந்து கொட்டும்.

கரிசல்காடு | செப்டம்பர் 4

அருமை. கெகோவா 'மூழ்கிய நகரம்' எப்படி? பையன் அதற்காகத்தான் குதிக்கிறான். கண்ணாடித் தரை போட்ட படகில் போனால் தண்ணீருக்குள் வீடுகள் தெரியுமாமே?

நடைராசா | செப்டம்பர் 4

தெரியாது. பையனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் படகிலேயே அழுவான். நிலநடுக்கத்தில் கரை தாழ்ந்து போனது உண்மை. ஆனால் கண்ணுக்குத் தெரிவது கரையோரம் அரைகுறைச் சுவர்கள், பாறையில் வெட்டிய படிக்கட்டு ஒன்று தண்ணீருக்குள் இறங்கிப் போவது, அங்கங்கே ஜாடி ஓடுகள். அந்தப் பகுதியில் நீந்தவும் மூழ்கவும் தடை. படகு மெதுவாகக் கடந்து போகும், அவ்வளவுதான்.

உப்புக்காற்று | செப்டம்பர் 4

நடைராசா, அவ்வளவு வறட்சியாகச் சொல்லாதீர்கள். அந்தப் படிக்கட்டைப் பார்த்து நான் மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மேல் படியில் வெயில், நாலாவது படியில் தண்ணீர், பத்தாவது படி பச்சையாகத் தெரிந்து மறைகிறது. யாரோ குடம் எடுத்துக்கொண்டு இறங்கிய படி.

கெகோவாவின் உண்மையான பரிசு எதிர்க்கரையில் இருக்கும் கலெகோய் கிராமம். பழைய பெயர் சிமேனா. கார் போகாது. படகில் போக வேண்டும், அல்லது உச்சாயிஸ் கிராமத்திலிருந்து நடக்க வேண்டும். மேலே கோட்டை, கோட்டைக்குள் பாறையிலேயே குடைந்த குட்டி அரங்கம், ஒரு கல்யாணக் கூட்டம்கூட உட்கார முடியாது. கரையில் தண்ணீருக்குள் தனியாக நிற்கும் ஒரு கல் பேழை, அதைத்தான் எல்லாப் படங்களிலும் பார்த்திருப்பீர்கள். அம்மா கோட்டை ஏற வேண்டாம், கீழே மரப்பலகைத் துறையில் உட்கார்ந்து வீட்டில் செய்த ஐஸ்கிரீம் சாப்பிடட்டும்.

காஷிலிருந்து நாள் முழுக்கப் போகும் பெரிய படகு வேண்டாம். உச்சாயிஸ் வரை காரில் போய், இரண்டு மூன்று மணி நேரத்துக்குச் சின்னப் படகு பேசுங்கள். பேரம் படகில் ஏறுவதற்கு முன்னால். இறங்கின பிறகு பேசினால் அது பேரம் இல்லை, சண்டை.

நடைராசா | செப்டம்பர் 5

ஏற்கிறேன். என் பார்வை நடப்பவன் பார்வை. லீசியப் பாதை என்று ஃபெத்தியே பக்கத்திலிருந்து அந்தாலியா பக்கம் வரை 500 கிலோமீட்டருக்கு மேல் ஒரு நடைபாதை இருக்கிறது, 1999-இல் திறந்தது. பழைய ஆட்டுத் தடங்களையும் ரோமர் போட்ட வழிகளையும் கோத்து, சிவப்பு வெள்ளைக் கோடு அடித்திருப்பார்கள். உங்களுக்கு அது வேண்டாம். ஆனால் உச்சாயிஸிலிருந்து கலெகோய்க்குப் போகும் துண்டு அந்தப் பாதையில் வருவதுதான். நீங்களும் பையனும் நடந்து போங்கள், அம்மாவும் மனைவியும் படகில் வரட்டும். 'நாங்கள் நடந்து வந்தோம்' என்று அவன் ஊர் முழுக்கச் சொல்வான்.

கரிசல்காடு | செப்டம்பர் 5

இது நல்ல யோசனை. விசா விஷயம்: எங்களுக்கு ஜெர்மனிக் குடியுரிமை அட்டை இருக்கிறது, அம்மாவுக்கு ஷெங்கன் என்கிற ஐரோப்பிய விசா. துருக்கி ஈ-விசா போதும்தானே? காஷுக்கு எதிரே இருக்கும் கிரேக்கத் தீவுக்கு ஒரு மதியம் போய் வரலாமா?

நெறியாளர் | செப்டம்பர் 5

இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் ஷெங்கன், பிரிட்டன், அமெரிக்கா, அயர்லாந்து ஆகியவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ வசிப்பு அனுமதியோ இருந்தால் ஈ-விசா எடுக்கலாம். கிடைப்பது ஒற்றை நுழைவு. இதைக் கவனியுங்கள். அந்தத் தீவு மெய்ஸ், கிரேக்கர்கள் காஸ்தெலோரிசோ என்பார்கள், படகில் இருபது இருபத்தைந்து நிமிடம்தான். போய்விடுவீர்கள். திரும்பி வரும்போது உங்கள் துருக்கி விசா தீர்ந்து போயிருக்கும். அம்மாவுக்குப் பல நுழைவு ஷெங்கன் இல்லையென்றால் அது இன்னொரு சிக்கல். விதிகள் மாறும், போகும் முன் அதிகாரப்பூர்வத் தளத்தில் சரிபாருங்கள். முடிந்தால் குடியுரிமை அட்டை, வசிப்பு அனுமதி இரண்டையும் குழப்பாதீர்கள், உங்களிடம் இருப்பது பின்னது.

டீக்கடைபெஞ்ச் | செப்டம்பர் 5

நல்லவேளை. இல்லாவிட்டால் அம்மா கிரேக்கத் தீவிலேயே இட்லிக்கடை போட வேண்டியிருக்கும்.

கரிசல்காடு | செப்டம்பர் 5

வசிப்பு அனுமதிதான், அவசரத்தில் தட்டிவிட்டேன். தீவு வேண்டாம், கரையிலிருந்தே கும்பிட்டுக்கொள்கிறோம். சைவச் சாப்பாடு பற்றி யாராவது சொல்லுங்கள். அம்மா மீன் வாசனை வந்தாலே தட்டைத் தள்ளிவிடுவார்.

உப்புக்காற்று | செப்டம்பர் 6

கவலையே வேண்டாம். மெர்ஜிமெக் சோர்பா என்று கேளுங்கள், மசூர் பருப்புச் சூப், எலுமிச்சை பிழிந்தால் நம் பருப்பு ரசத்தின் தூரத்துச் சொந்தம். சில இடங்களில் இறைச்சி வேகவைத்த நீரில் செய்வார்கள், 'எத் சுயு வார் ம' என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். சாலையோரத்தில் பாட்டிமார் தரையில் உட்கார்ந்து மெல்லிசாக மாவு தேய்த்து, உள்ளே கீரையோ பாலாடைக்கட்டியோ வைத்துக் கவிழ்த்த சட்டியில் சுடுவது கோஸ்லெமே. உங்கள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தேய்க்கும் கோலை வாங்கிப் பார்ப்பார், பந்தயம். கத்தரிக்காய், பீன்ஸ், கூனைப்பூ எல்லாம் ஆலிவ் எண்ணெயில் வேகவைத்து ஆறவைத்துப் பரிமாறுவார்கள், சூடாகக் கேட்காதீர்கள், முறைப்பார்கள். மோருக்கு அய்ரான்.

ஃபெத்தியே மீன் சந்தைக்கு மட்டும் அம்மாவை அழைத்துப் போகாதீர்கள். நடுவில் மீனை எடைபோட்டு வாங்கி, சுற்றியுள்ள கடையில் கொடுத்தால் பொரித்துத் தருவார்கள். நீங்கள் தனியாக ஓடிப்போய்ச் சாப்பிட்டு, வாயை நன்றாகக் கழுவிக்கொண்டு வாருங்கள்.

பழங்கல் | செப்டம்பர் 6

கடைசியாக ஒரு வேண்டுகோள். சாந்தோஸ், லெதூன், பத்தாரா மூன்றும் ஒன்றுக்கொன்று பக்கம், காஷிலிருந்து ஒரே நாளில் முடியும். த்லோஸையும் சக்லிகென்டையும் விட்டுவிடுங்கள்.

சாந்தோஸில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்த, கடல் தேவதைகளான நெரேயிதுகள் நினைவுச் சின்னத்தை 1840-களில் சார்லஸ் ஃபெல்லோஸ் என்ற ஆங்கிலேயர் பெயர்த்துக் கப்பலேற்றிவிட்டார். இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. தூண் கல்லறை ஒன்றில் சிற்பங்கள் தெரியும், அவை அச்செடுத்த நகல். இடத்தின் கதைதான் கனமானது. பாரசீகத் தளபதி ஹார்ப்பகோஸ் வந்தபோது, பெண்டு பிள்ளைகளைக் கோட்டைக்குள் வைத்துத் தீயிட்டுவிட்டு ஆண்கள் வெளியே வந்து சண்டையிட்டு மடிந்தார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோதோத்தஸ் எழுதுகிறார். ஐந்நூறு ஆண்டு கழித்து, கி.மு. 42-இல், சீசரைக் கொன்ற புரூட்டஸ் முற்றுகையிட்டபோதும் அதே முடிவு.

பத்தாராவில் கடற்கரைக்குப் போகிற அவசரத்தில் சட்டமன்றத்தைத் தாண்டிவிடாதீர்கள், சீரமைத்து நிறுத்தியிருக்கிறார்கள். லீசியக் கூட்டமைப்பின் 23 நகரங்கள் பிரதிநிதிகளை அனுப்பின. பெரிய நகரத்துக்கு மூன்று ஓட்டு, நடுத்தரத்துக்கு இரண்டு, சிறியதற்கு ஒன்று. பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்த்ராபோ எழுதிவைத்ததை பிரெஞ்சுச் சிந்தனையாளர் மோந்தெஸ்கியூ எடுத்துப் பாராட்டினார், அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு ஆதரவு திரட்டி அந்நாட்டுத் தலைவர்களில் ஒருவரான ஹாமில்டன் எழுதியபோது இதை எடுத்துக்காட்டினார்.

முட்டுக்கட்டை | செப்டம்பர் 6

நான் அங்கே உட்கார்ந்து சிப்ஸ் சாப்பிட்டேன். சட்டமன்றம் என்று தெரிந்திருந்தால் வெளிநடப்பாவது செய்திருப்பேன்.

கரிசல்காடு | அக்டோபர் 14

மக்களே, திரும்பி வந்தாயிற்று. வாக்குக் கொடுத்தபடி எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் புலம்பல். கார் எடுத்த இடத்தில் படம் பிடிக்கச் சோம்பல்பட்டேன். திருப்பிக் கொடுக்கும்போது பின் கதவில் ஒரு கீறலைக் காட்டிப் பணம் பிடித்துக்கொண்டார்கள். எடுக்கும்போதே நாலு பக்கமும் வீடியோ எடுங்கள், சக்கரத்தையும் சேர்த்து. நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை, தப்பு பாதி என்னுடையது.

அந்தாலியாவில் ஹத்ரியன் வாயிலைப் பார்த்தோம், பழைய தெருக்களில் சுற்றினோம், மகன் பூனைகளை எண்ணினான், நாற்பத்தேழில் தூக்கம் வந்துவிட்டது. ஃபாசெலிஸ் எதிர்பார்க்காத சந்தோஷம். மூன்று துறைமுகம், நடுவில் கல் பாவிய தெரு, இரண்டு பக்கமும் பைன் மரம். அலெக்சாந்தர் ஒரு குளிர்காலம் தங்கிய ஊர். தெருவின் ஒரு முனையில் செருப்பைக் கழற்றிவிட்டு மறுமுனையில் கடலில் இறங்கலாம். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் வரை நின்றார். உப்புத் தண்ணீர் வலிக்கு நல்லதாம்.

யானர்தாஷ் இரவில் போனோம். மலைப்படி ஒரு கிலோமீட்டர், அம்மாவும் மனைவியும் விடுதியிலேயே இருந்துவிட்டார்கள். பாறை வெடிப்பிலிருந்து தீ எரிகிறது, பக்கத்து வெடிப்பிலும் எரிகிறது. உள்ளேயிருந்து மீத்தேன் கசிகிறது, இரண்டாயிரம் வருடமாக அணையவில்லை என்றேன். 'யார் முதல்ல பத்த வச்சது?' என்றான். பதில் இல்லை. பக்கத்தில் ஒரு குடும்பம் அந்தத் தீயிலேயே கெட்டிலை வைத்துத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தது. எங்களுக்கும் ஆளுக்கு ஒரு கிளாஸ் நீட்டினார்கள். டார்ச் எடுத்துப் போங்கள், செல்பேசி வெளிச்சம் போதவில்லை, இறங்கும்போது ஒருமுறை வழுக்கி உட்கார்ந்தேன்.

காஷ் மூன்று இரவு. உப்புக்காற்று அக்கா, உங்களுக்கு ஒரு பெரிய நன்றி. கடைத்தெருவின் மேல் முனையில் ஒரு பெரிய லீசியப் பேழை நிற்கிறதே, மூடியில் சிங்கத் தலைகளோடு, அதன் நிழலில் தினமும் மாலை அம்மா உட்கார்ந்தார். சுற்றி விளக்குக் கடை, செருப்புக் கடை, சைக்கிளில் பையன்கள். யாரும் அதை வேலிபோட்டு ஒதுக்கவில்லை. 'நம்ம ஊர்ல தெருமுனைப் பிள்ளையார் மாதிரி இருக்கு' என்றார். கல்லறை என்று சொன்னதும் எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். 'இருக்கட்டும், ரெண்டாயிரம் வருசம் ஆச்சுல்ல, தீட்டெல்லாம் போயிருக்கும்' என்று தேநீரை ஊதிக் குடித்தார்.

கெகோவாவில் மகன் அழவில்லை, நடைராசா முன்பே சொல்லவைத்ததால். நடந்தே போய்ச் சேர்ந்தோம். பாதை தெரியாமல் ஒரு ஆட்டுப் பட்டிக்குள் போய், ஒரு பாட்டி கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார்.

லெதூன் பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். மூன்று கோயில்களின் அடித்தளம், கிரேக்கத் தெய்வம் லெத்தோவுக்கும், அவளுடைய இரட்டைப் பிள்ளைகள் ஆர்தெமிஸ், அப்பொல்லோவுக்கும். நிலத்தடி நீர் ஏறிப் பாதி மூழ்கிக் கிடக்கிறது. இரட்டைக் குழந்தைகளோடு தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு வந்த லெத்தோவைக் குடிக்க விடாமல் கிராமத்தார் குளத்தைக் கலக்கினார்களாம், 'இதிலேயே கிடங்கள்' என்று தவளையாக்கிவிட்டாளாம். இந்தக் கதையை மகனுக்குச் சொல்லி முடிக்கவும், தூணடியில் ஒரு தவளை கத்தவும் சரியாக இருந்தது. முக்கால் மணி நேரம் நகரவில்லை. ஆமைகள் தூண் மேல் ஏறி வெயில் காய்கின்றன. முட்டுக்கட்டை அண்ணன் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: பையன் பாவம் செய்யவில்லை, தவளைதான் செய்தது. பழங்கல் சார், அங்கே 1973-இல் கிடைத்த மும்மொழிக் கல்லையும் ஃபெத்தியே அருங்காட்சியகத்தில் பார்த்தோம். லீசியம், கிரேக்கம், அரமேயம். மகன் லீசிய எழுத்தில் தன் பெயரை எழுதிப் பார்த்தான், 'ழ' இல்லை என்று வருத்தம்.

பத்தாரா கடற்கரை 18 கிலோமீட்டராம், நாங்கள் நடந்தது அரைக் கிலோமீட்டர். கடலாமை முட்டையிட்ட இடங்களில் கம்பிக் கூண்டு வைத்திருக்கிறார்கள். ஓலுடெனிஸில் மனைவி பாபாதா மலையிலிருந்து பாராகிளைடிங் போனார், நான் கீழே நின்று கும்பிட்டேன். மலையின் உயரம் 1,969 மீட்டர். கும்பிடாமல் என்ன செய்வது.

கடைசி நாள் காயாகோய். மலைச்சரிவு முழுக்கக் கூரையில்லாத வீடுகள், நூற்றுக்கணக்கில். 1923-இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொண்டபோது இங்கிருந்த கிரேக்கக் கிறிஸ்தவர்கள் போய்விட்டார்கள். அங்கிருந்து வந்தவர்களுக்கு இந்த மலை ஒத்துவரவில்லை, தங்கவில்லை. 1957 நிலநடுக்கம் மிச்சத்தையும் ஆட்டிவிட்டது. வீடுகளை ஒன்றன் வெளிச்சத்தை ஒன்று மறைக்காமல் கட்டியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் அடுப்பு மாடம் அப்படியே, புகைக்கரியோடு, உள்ளே அத்திமரம் முளைத்திருக்கிறது. அம்மா இரண்டு வீடு தாண்டி மேலே ஏறவில்லை. முதல் வீட்டு வாசற்கல்லில் உட்கார்ந்தவர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: 'போறப்ப பூட்டிட்டுப் போயிருப்பாங்களா?'

டீக்கடைபெஞ்ச் | அக்டோபர் 14

சிரிக்க வைக்க ஒன்றும் வரவில்லை இதற்கு. நல்ல பதிவு.

பழங்கல் | அக்டோபர் 14

பூட்டிவிட்டுத்தான் போயிருப்பார்கள். அந்த ஊருக்கு அப்போதைய பெயர் லெவிசி. திரும்பி வருவோம் என்று நம்பாமல் யார் கிளம்புவார்கள்?

வேலிக்கிளுவை | அக்டோபர் 15

இழையை முதலிலிருந்து வாசித்துக்கொண்டு வந்தேன், எழுத நினைக்கவில்லை. கரிசல்காடு அண்ணா, உங்கட அம்மாவின் கேள்விக்காக எழுதுகிறேன். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது எனக்குப் பதினொரு வயது. ஒரே இரவில் ஊரே தெருவில். மழை. எல்லோரும் சைக்கிளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு நிற்க, அம்மா மட்டும் திரும்பிப் போய் முன்கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு வந்தவா. பின்பக்கம் கதவே இல்லை, அது ஷெல் விழுந்து போய்விட்டது. அது அவவுக்கும் தெரியும். பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டுதான் வந்தவா.

கரிசல்காடு | அக்டோபர் 15

தங்கச்சி, இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து, அந்தச் சாவி இன்னும் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார்.

வேலிக்கிளுவை | அக்டோபர் 15

இருக்கு. அம்மா போன பிறகு என்னிடம். அலுமாரிக்குள், பாஸ்போட்டுகளோடு வைத்திருக்கிறேன்.